டாஃபடில் இலைக்குக் கொண்டை போடலாமா?

லண்டனின் மேற்குப் புறநகர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி மே மாத முதல் வாரத்தில் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் யாழ்ப்பாணம். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஐந்து பக்கக் கடிதம் அது. அதன் சுருக்கம்:

"சென்ற ஆண்டின் தொடக்கத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்தோம். முன்பு இங்கிருந்த மூதாட்டி வேலியோரம் முழுவதும் டாஃபடில் பூக்கிழங்குகளை நட்டிருந்தார். முதல் வசந்தத்தில் கண் கொள்ளாத மஞ்சள். பூ முடிந்ததும் இலைகள் சரிந்து அலங்கோலமாகக் கிடந்தன. ஏப்ரலிலேயே எல்லாவற்றையும் தரையோடு வெட்டிவிட்டேன். இந்த ஆண்டு இலைகள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன, பூவோ ஏழெட்டுதான். கிழங்குகள் செத்துவிட்டனவா? பிடுங்கி எறிந்துவிடலாமா? மண் சரியில்லையோ என்று புல்தரைக்குப் போடும் உரம் ஒரு மூட்டை வாங்கி வைத்திருக்கிறேன்.

நவம்பரில் அறுபது துலிப் கிழங்குகள் நட்டேன். அருமையாகப் பூத்தன. துலிப் ஒரே தடவைதான் பூக்கும் என்கிறார் ஒருவர், தோண்டிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். கணவர் புல்வெட்டியை ஓட்டியபோது புல்லுக்குள் இருந்த குரோக்கஸ் இலைகளும் சேர்ந்து போய்விட்டன. ஆறு மாத விசாவில் வந்திருக்கும் மாமிக்கு இந்த வாடல் இலைகளைக் கண்டாலே பிடிக்கவில்லை. இடத்தைத் துப்புரவாக்கி வெண்டியும் கீரையும் போட வேண்டும் என்கிறார். நான் வெட்ட விடாததால் டாஃபடில் இலைகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்துக் கொண்டை முடிந்து ரப்பர் வளையம் போட்டுவிட்டார். பிப்ரவரியில் வந்த புதிதில் டாஃபடில் தளிர்களை வெங்காயத்தாள் என்று நினைத்து வறை செய்ய நறுக்கும் பலகை வரை கொண்டு வந்துவிட்டார் என்றால் பாருங்களேன்! பக்கத்துக் காட்டில் நீல நிறத்தில் புளூபெல் விரிந்து கிடக்கிறது. அதில் நான்கு கிழங்கு எடுத்து வந்து நடலாமா?

கடைசியாக ஒன்று. சென்ற மார்கழியில் அப்பா ஊரில் காலமானார். என்னால் போக முடியவில்லை. வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு தொட்டியில் மூன்று ஹயசிந்த் தந்தார்கள். ஜனவரியில் பூத்து வீடெல்லாம் மணத்தது. இப்போது அந்த இலைகள் மஞ்சளாகின்றன. அதைச் சாகவிட மனம் வரவில்லை. அப்பாவின் முதல் ஆண்டுத் திவசத்துக்கு அது மறுபடி பூக்குமா? கிழங்கை அம்மாவிடம் அனுப்பினால் யாழ்ப்பாணத்தில் வளருமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

தோட்டத்துக்குப் போகுமுன் உங்கள் சமையலறைக்குள் வருகிறேன். சிரித்துக்கொண்டே ஒரு வரியில் நீங்கள் கடந்துபோன விஷயம்தான் கடிதத்திலேயே என்னை மிகவும் கவலைப்படுத்தியது.

வெங்காயத்தாள் விவகாரம்

டாஃபடிலின் இலை, தண்டு, பூ, கிழங்கு அத்தனையும் நஞ்சு. லைகோரின் என்ற பொருள் அதில் இருக்கிறது. சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் கடுமையான வாந்தியும் வயிற்றுவலியும் வரும். வேக வைத்தால் போய்விடும் என்று எண்ண வேண்டாம். 2009இல் சஃபோக் மாவட்டத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் சூப் செய்தபோது, வெங்காயத்தோடு ஒரு டாஃபடில் கிழங்கும் பானைக்குள் போய்விட்டது. குடித்த பிள்ளைகள் பலர் நோயுற்று மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது.

மாமியைக் கேலி செய்யாதீர்கள். 2015இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையே பேரங்காடிகளுக்குக் கடிதம் எழுதி, மொட்டு விரியாத டாஃபடில் கட்டுகளைக் காய்கறிப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. சீனச் சமையலில் சேர்க்கும் ஒருவகைப் பூண்டுத்தாளைப் போலவே அது இருப்பதால் வாங்கிச் சமைத்துவிட்டவர்கள் இருந்தார்கள். பிறந்த ஊரில் பார்த்திராத செடி தெரிந்த செடியின் உருவத்தில் வந்து நின்றால் யாருக்கும் கை நீளத்தான் செய்யும்.

ஒரு சிறு சோதனையை மாமிக்குச் சொல்லிக்கொடுங்கள். இலையைக் கசக்கி முகர வேண்டும். வெங்காய வாசம் வராவிட்டால் அது வெங்காயம் அல்ல. ஆனால் சற்றுமுன் வெங்காயம் உரித்த கையால் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. எந்தப் பூங்கிழங்கையும் சமையலறையிலோ வெங்காயக் கூடைக்கு அருகிலோ ஒரு நாள்கூட வைக்க வேண்டாம். தவறிப்போய் யாராவது தின்றுவிட்டால் மருத்துவ ஆலோசனை எண்ணான 111க்கு அழையுங்கள். மயக்கமோ மூச்சுத் திணறலோ தெரிந்தால் அவசர உதவி எண் 999. தின்ற செடியின் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோவது மருத்துவருக்கு உதவும்.

நெதர்லாந்தில் துலிப் கிழங்கைச் சாப்பிட்டிருக்கிறார்களே என்று யாராவது உங்களிடம் வாதாடக்கூடும். சாப்பிட்டார்கள்தான். 1944-45 குளிர்காலத்தில், போர்ப் பஞ்சத்தில், வேறெதுவும் கிடைக்காமல் சாப்பிட்டார்கள். அதைச் சமையல் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இலை சும்மா கிடக்கவில்லை

இனி உங்கள் முதல் கேள்வி. கிழங்குகள் சாகவில்லை. பட்டினி கிடக்கின்றன, அவ்வளவுதான். அந்தப் பட்டினிக்குக் காரணம் நீங்கள் ஏப்ரலில் எடுத்த கத்தரிக்கோல்.

யாழ்ப்பாணத்தில் வெங்காயத் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதை விளக்குவது எளிது. தாள் பச்சையாக நிற்கும்போதே அதை வெட்டிவிட்டு அடியில் வெங்காயம் பருக்கும் என்று காத்திருக்கும் தோட்டக்காரரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தாள் தானாகச் சரிய வேண்டும், காய வேண்டும், அதன் பிறகுதான் கை வைப்பார்கள். மஞ்சளும் அப்படித்தான்: இலை காயும் வரை மண்வெட்டி வெளியே வராது. டாஃபடில் கிழங்கைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் வெங்காயத்தைப் போலவே அடுக்கடுக்காக இருக்கும். அந்த அடுக்குகள்தான் அதன் களஞ்சியம். பூ முடிந்த நாளிலிருந்து இலை வெயிலை வாங்கி உணவு சமைத்துக் களஞ்சியத்தை நிரப்பிக்கொண்டே இருக்கிறது. நம் கண்ணுக்கு வாடல். செடிக்கோ அது அறுவடைக் காலம். மாமியிடம் தாவரவியல் பேச வேண்டாம், வெங்காயத்தை நினைவூட்டுங்கள். இந்த விஷயத்தில் உங்களைவிட அவர் விரைவாகப் புரிந்துகொள்வார்.

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் நீங்கள் பார்க்கப்போகும் டாஃபடில் பூ, இந்த மே, ஜூன் மாதங்களிலேயே கிழங்கின் நடுவில் கண்ணுக்கு எட்டாத அளவில் உருவாகத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் கையிருப்பு போதாவிட்டால் கிழங்கு பூவைத் தள்ளிவைத்துவிட்டு இலையை மட்டும் அனுப்புகிறது. இங்குள்ள தோட்டக்காரர்கள் இதைக் 'குருட்டுக் கிழங்கு' என்பார்கள். உங்கள் வேலியோரத்தில் நடந்தது இதுதான்.

எத்தனை நாள் விட வேண்டும்? பூ வாடியதிலிருந்து குறைந்தது ஆறு வாரம் என்பது பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் சொல்லும் கணக்கு. என்னைக் கேட்டால் நாட்காட்டியைவிட இலையை நம்புங்கள். மஞ்சளாகி, பிறகு வைக்கோல் நிறத்துக்கு வந்து, லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும், அதுதான் நாள். லண்டனில் அது பெரும்பாலும் ஜூன் நடுப்பகுதியாக இருக்கும்.

இப்போது கொண்டைக்கு வருகிறேன். மாமி கண்டுபிடித்த வழி ஆங்கிலேயத் தோட்டங்களில் பழைய வழக்கம்; டாஃபடில் இலையை முடிந்து வைக்காதவரைச் சோம்பேறி என்று பார்த்த காலமும் இங்கே இருந்தது. ஆனால் முடிந்த இலையில் பாதிக்கு வெயில் படாது, மடிந்த இடத்தில் உணவு செல்லும் பாதை நசுங்கும், உள்ளே காற்றோட்டம் இருக்காது. ரப்பர் வளையங்களை இன்றே கழற்றிவிடுங்கள். இலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதில்லை, சரிந்து கிடந்தே அது தன் வேலையைச் செய்துகொள்ளும். பார்வைக்கு உறுத்துகிறது என்றால் அடுத்த ஆண்டு முன்வரிசையில் பகல் லில்லியோ ஜெரேனியமோ நட்டுவிடுங்கள். டாஃபடில் சரியும் நேரத்தில் அவை எழுந்து மறைத்துக்கொள்ளும்.

இலையைத்தான் தொடக் கூடாது. வாடிய பூவைக் கிள்ளிவிடலாம், கிள்ளவும் வேண்டும். பூவுக்குப் பின்னால் பச்சையாக உப்பியிருக்கிறதே, அது விதைப்பை. அதை விட்டுவைத்தால் கிழங்குக்குப் போக வேண்டிய உணவை விதை தின்னும். நெதர்லாந்தின் துலிப் வயல்களில் பூ நன்றாக விரிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், இயந்திரத்தை ஓட்டித் தலைகளை மட்டும் கொய்து கொட்டிவிடுவார்கள். தாமதமாகப் போய்ச் சேரும் சுற்றுலாப் பயணிகள் பச்சைத் தண்டுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அங்கே விளைச்சல் என்பது கிழங்கு, பூ அல்ல. நீங்களும் தலையை மட்டும் எடுங்கள். பச்சைத் தண்டும் வெயிலை வாங்கும், அதை விட்டுவிடுங்கள். ஸ்னோடிராப்பும் குரோக்கஸும் விதை உதிர்த்துப் பரவட்டும் என்று நினைத்தால் அவற்றின் தலையையும் விட்டுவிடலாம்.

உரமும் நெருக்கமும்

நீங்கள் வாங்கிய மூட்டையைத் திருப்பிக் கொடுக்க முடியுமானால் கொடுத்துவிடுங்கள். புல்தரை உரத்தில் நைட்ரஜன் தூக்கலாக இருக்கும். அது இலையைக் கொழுக்க வைக்கும், கிழங்கை மென்மையாக்கி அழுகலுக்கு வழிவிடும். கிழங்குக்குத் தேவை பொட்டாசியம். தக்காளிச் செடிக்கென்று விற்கும் திரவ உரம் போதும். போத்தலில் சொல்லியிருக்கும் அளவுக்கு நீரில் கலந்து, இலை பச்சையாக இருக்கும் வரை பத்து நாளுக்கு ஒரு முறை ஊற்றுங்கள். இலை மஞ்சளானதும் நிறுத்திவிடுங்கள். அதன்பின் ஊற்றுவது மண்ணுக்குத்தான். மே மாதம் மழையில்லாமல் போனால் வெறும் தண்ணீரும் வேண்டும். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு தடயமும் இருக்கிறது. இலைகள் 'நெருக்கியடித்துக்கொண்டு' வந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூதாட்டி நட்ட கிழங்குகள் பல ஆண்டுகளாகத் தோண்டப்படாமல் ஒன்று பத்தாகப் பெருகியிருக்க வேண்டும். ஒரே இடத்தில் அத்தனை வாய்களுக்கும் உணவு போதாது. ஆகவே பழி முழுவதையும் நீங்களே சுமக்க வேண்டியதில்லை.

இதற்கு வைத்தியம் ஜூன் கடைசியில். இலை காய்ந்ததும் முள்கரண்டி மண்வெட்டியால் கொத்தை முழுதாகக் கிளப்புங்கள். கையால் தானாகப் பிரியும் கிழங்குகளைப் பிரியுங்கள், ஒட்டியிருப்பவற்றைப் பிய்க்காதீர்கள். அழுத்திப் பார்த்து மெத்தென்று இருப்பதை ஈவிரக்கமில்லாமல் குப்பைத் தொட்டியில் போடுங்கள், உரக்குழியில் அல்ல. மென்மையான கிழங்குக்குள் அழுகல் நோயோ, டாஃபடில் ஈயின் தடித்த புழுவோ இருக்கலாம். சிறு வண்டுத்தேனீ போலத் தோன்றும் அந்த ஈ, இலை வாடிய பிறகு மண்ணில் விழும் துவாரத்தின் வழியே இறங்கிக் கிழங்கின் கழுத்தருகே முட்டையிடும். அதனால் நீங்கள் கிளப்பாத கொத்துகளில் இலையை எடுத்தவுடன் மண்ணைக் கிளறி அந்தத் துவாரத்தை மூடிவிடுங்கள்.

நல்ல கிழங்குகளை உடனே நட்டுவிடலாம், அல்லது நிழலில் உலர்த்தி வலைப்பையில் தொங்கவிட்டுச் செப்டம்பரில் நடலாம். கிழங்கின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு ஆழம், அதாவது பெரிய கிழங்கென்றால் சுமார் 15 சென்டிமீட்டர். அடுத்த வசந்தத்திலேயே வேலியோரம் மஞ்சளாகிவிடும் என்று உங்களுக்கு வாக்களிக்க மாட்டேன். மெலிந்த கிழங்கு தேற ஓராண்டு, சில சமயம் இரண்டாண்டு எடுக்கும். புதிய கிழங்கு வாங்குவதென்றால் செலவு பெரிதல்ல, அதுவும் ஒரு வழிதான். ஆனால் முன்பு இருந்தவர் நட்டது உங்கள் கையால் திரும்பிவர வேண்டும் என்று நீங்கள் விரும்புவது கடிதத்தின் தொனியில் தெரிகிறது. அப்படியென்றால் பொறுங்கள்.

துலிப்: இருவரும் பாதி உண்மை சொல்கிறார்கள்

துலிப் ஒரே தடவைதான் பூக்கும் என்பது தவறு. ஆனால் அப்படிச் சொன்னவரிடம் அனுபவம் இருக்கிறது. டாஃபடில் கிழங்கு ஆண்டுக்காண்டு அதே கிழங்காக அடுக்கு சேர்த்துக்கொண்டு வாழும். துலிப் அப்படியல்ல. நவம்பரில் நீங்கள் நட்ட தாய்க்கிழங்கு இந்தப் பூவோடு தன் ஆயுளை முடித்துக்கொண்டது. தோண்டிப் பார்த்தால் பழுப்புத் தோல் மட்டும் கிடைக்கும். அதன் இடத்தில் இப்போது சில மகள் கிழங்குகள் பருத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று போதிய அளவு பெருத்தால் அடுத்த ஆண்டு பூ உண்டு. எல்லாமே சிறுத்துப்போனால் ஒற்றை இலை ஒன்று எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடும்.

பெருப்பதும் சிறுப்பதும் கோடையைப் பொறுத்தது. துலிப்பின் பூர்வீகம் மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகள். பனி மூடிய குளிர்காலம், குறுகிய வசந்தம், அதற்குப் பிறகு சுட்டெரிக்கும் உலர்ந்த கோடை. அந்தச் சூட்டில்தான் கிழங்குக்குள் அடுத்த பூ உருவாகும். லண்டனின் ஈரக் களிமண் அதற்குக் கோடையே அல்ல. அதனால் தோண்டி எடுப்பதில் நியாயம் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டி என்பதுதான் தவறு. கோடையில் அதற்கு வேண்டியது குளிர் அல்ல, இதமான சூடு.

முறை இது. இலை மஞ்சளாகிச் சுருண்டதும், பெரும்பாலும் ஜூனில், கிளப்புங்கள். மண்ணை உதறி ஒரு நாள் உலரவிடுங்கள். புள்ளி விழுந்ததையும் பூஞ்சை பிடித்ததையும் எறிந்துவிட்டு, பெரியதாக இருப்பவற்றை மட்டும் வலைப்பையிலோ காகிதப் பையிலோ போட்டு, 18 முதல் 20 பாகை வெப்பமுள்ள, காற்றோட்டமான, இருட்டான இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது. ஆப்பிள், வாழைப்பழம் வைத்திருக்கும் அறையும் வேண்டாம். பழுக்கும் பழங்கள் விடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். நவம்பரில் மறுபடி நடுங்கள், முடிந்தால் வேறு இடத்தில். ஒரே பாத்தியில் திரும்பத் திரும்பத் துலிப் போட்டால் 'துலிப் நெருப்பு' என்ற பூஞ்சை நோய் மண்ணில் தங்கிவிடும். குளிரைப் பற்றிக் கவலை வேண்டாம். துலிப்புக்கு மூன்று மாதத்துக்கும் மேல் நல்ல குளிர் தேவைதான். லண்டன் அதைத் தாராளமாகவே தரும்.

இவ்வளவும் செய்தாலும் அறுபதில் அறுபதும் பூக்காது. பல அனுபவசாலிகள் பெரிய பூத் துலிப்பை ஓராண்டுச் செடியாகவே வைத்து, ஆண்டுதோறும் புதிதாக வாங்குகிறார்கள். அது தோல்வியல்ல, கணக்கு. ஆண்டுதோறும் திரும்பி வரும் துலிப்தான் வேண்டுமென்றால் அபல்டோர்ன் போன்ற டார்வின் கலப்பினங்களையோ, டார்டா, குளுசியானா போன்ற குட்டைக் காட்டு இனங்களையோ அடுத்த முறை தேர்ந்தெடுங்கள்.

வெண்டி, கீரை, புல்வெட்டி, காடு

மாமியின் தோட்டத்துக்கும் உங்கள் கிழங்குகளுக்கும் இடையே உண்மையில் சண்டையே இல்லை. லண்டனில் மே நடுப்பகுதி வரைகூட இரவு உறைபனி எட்டிப்பார்க்கும். வெண்டியை அதற்கு முன் வெளியே வைத்தால் அது நின்றபடியே நீலம் பாரித்துப்போகும். ஜன்னலோரத்தில் நாற்றுவிட்டு ஜூனில் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். இலை காயவும் நாற்று தயாராகவும் சரியாக இருக்கும். ஆனால் கிழங்கு உறங்கும் அதே மண்ணில் கோடை முழுவதும் கீரைக்குத் தண்ணீர் ஊற்றினால் கிழங்கு அழுகும். எனவே கீரைக்கும் வெண்டிக்கும் பெரிய தொட்டிகள், அல்லது தனிப் பாத்தி. அந்தப் பாத்தியிலிருந்து டாஃபடில் கிழங்குகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி வேலியோரத்துக்கு மாற்றிவிடுங்கள். காரணத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

குரோக்கஸ் விஷயத்தில் கணவரை மன்னித்துவிடலாம். அது சீக்கிரம் பூத்துச் சீக்கிரம் முடியும் செடி. அவர் புல் வெட்டியது ஏப்ரல் கடைசியென்றால் பெரிய சேதம் இருக்காது. அடுத்த ஆண்டு அந்தத் துண்டு நிலத்தை மட்டும் மே இறுதி வரை வளரவிடச் சொல்லுங்கள். மே மாதம் புல் வெட்டாமல் விடுங்கள் என்று தாவரப் பாதுகாப்பு அமைப்பொன்று 2019 முதல் பிரசாரம் செய்துவருவதால், அக்கம்பக்கத்தார் உங்களைச் சோம்பேறிகள் என்று நினைக்காமல் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் என்று நினைக்கவும் வாய்ப்பு உண்டு.

புளூபெல்லை மட்டும் தொடாதீர்கள். நில உரிமையாளரின் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம். 'நான்கு கிழங்குதானே' என்பது சட்டத்தில் இல்லை. தோட்டத்தில் வளர்த்த புளூபெல்லை நாற்றங்கால்களில் விற்கிறார்கள். 'ஆங்கில புளூபெல்' என்று கேட்டு வாங்குங்கள்; ஸ்பானிய வகை உங்கள் தோட்டத்தை விழுங்கிவிடும், காட்டுப் பூவோடும் கலந்துவிடும்.

அப்பாவின் தொட்டி

உங்கள் ஹயசிந்த் சாகவில்லை. இலை மஞ்சளாவது உறங்கப்போவதன் அறிகுறி. யாழ்ப்பாணத்தில் கார்த்திகைப்பூக் கொடியைப் பார்த்திருப்பீர்கள். மழைக்குப் பூத்து, பிறகு கொடி காய்ந்து மறைந்து, இடமே வெறுமையாகக் கிடக்கும். அடுத்த மழைக்குக் கிழங்கிலிருந்து மறுபடி எழும். இதுவும் அந்தக் குணம்தான். எழுப்புவது மட்டும் இங்கே மழையல்ல, குளிர்.

அதனால்தான் அம்மாவுக்கு அனுப்ப வேண்டாம் என்கிறேன். குளிரே இல்லாத மண்ணில் ஹயசிந்த் ஓரிரு இலை விட்டுவிட்டு அழுகிவிடும். தவிர, உயிருள்ள கிழங்கை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் தாவர நலச் சான்றிதழும் அனுமதியும் இல்லாமல் பொதியில் வைத்து அனுப்ப முடியாது, பிடிபட்டால் அழித்துவிடுவார்கள். அம்மாவின் முற்றத்தில் கிழங்கிலிருந்து வரும் மணமுள்ள பூ ஒன்று வேண்டுமென்றால் நிலசம்பங்கி இருக்கிறது. அங்கேயே வாங்கி நடச் சொல்லலாம், அங்கே அது தழைக்கும்.

திவசத்துக்குப் பூக்குமா என்று கேட்டீர்கள். இதே மூன்று கிழங்குகளும் அந்த நாளில் பூக்காது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் பூக்கும்படி முன்கூட்டியே பக்குவப்படுத்தி விற்கப்பட்டவை அவை. அந்தப் பக்குவம் ஒரு முறைக்குத்தான். இனி அவை இயற்கையின் கணக்குக்குத் திரும்பி, தோட்டத்தில் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ பூக்கும். பூங்கொத்து இப்போதிருந்த அளவுக்குத் திண்மையாக இராது. மணிகள் விலகி, தளர்ந்து, ஏறக்குறைய புளூபெல் சாயலில் இருக்கும். மணம் குறையாது. நல்ல இடம் கிடைத்தால் பல ஆண்டுகள் வரும்.

தொட்டியை இப்போதே வெளியே எடுங்கள். இலை காயும் வரை வெயிலில் வைத்துத் தண்ணீரும் தக்காளி உரமும் கொடுங்கள். பிறகு கிழங்குகளை எடுத்து, நீர் தேங்காத, பாதி நாளாவது வெயில் படும் இடத்தில், நீங்கள் தினமும் கடந்துபோகும் பின்கதவுப் பக்கமாக, 10 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் நடுங்கள். மாமியின் மண்வெட்டி தெரியாமல் இறங்கிவிடாதபடி ஒரு குச்சி நட்டு வையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஹயசிந்த் கிழங்கின் தோல் பட்டால் கை அரிக்கும்.

திவச நாளில் படத்துக்கு முன்னால் வைக்கப் புதிய கிழங்குகள் வேண்டும். செப்டம்பரில் 'பக்குவப்படுத்திய ஹயசிந்த்' என்று கேட்டு மூன்று வாங்குங்கள். தொட்டியில் கிழங்கின் முனை மட்டும் வெளியே தெரியும்படி நட்டு, 9 பாகைக்கு மேல் போகாத இருட்டான இடத்தில், கருவி வைக்கும் கொட்டகையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துகூட, பத்து வாரம் வையுங்கள். மண் காயவிடாதீர்கள். முளை நாலைந்து சென்டிமீட்டர் எழுந்ததும் முதலில் குளிர்ந்த, வெளிச்சமான அறைக்கும், பச்சை பிடித்த பிறகு கூடத்துக்கும் மாற்றுங்கள். அங்கிருந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் பூக்கும். திதி ஆண்டுக்காண்டு முன்பின்னாக வரும் என்பதால், ஐயரிடம் இந்த ஆண்டின் நாளைக் கேட்டுக்கொண்டு அதிலிருந்து பதின்மூன்று வாரம் பின்னோக்கி எண்ணி நடுங்கள். ஒரு வாரம் முந்தி நட்டாலும் பாதகமில்லை. மொட்டு விரையத் தொடங்கினால் இரவில் குளிர்ந்த அறைக்கு மாற்றித் தாமதப்படுத்திக்கொள்ளலாம்.